ஓடுங்க கேப்டன்

மொத்தம் பத்து ஆட்டம். ரெண்டுல ஜெயிச்சோம், ஆறுல தோத்தோம், ஒண்ணு ஆள் சேராம விட்டுக்கொடுத்தோம், ஒண்ணு நடக்கவே இல்லை. ஜெயிச்ச ரெண்டுலயும் ஒண்ணு எதிர் டீம் வராததால தானா மடியில வந்து விழுந்தது. 2025 மே மாசத்துல இருந்து ஜூலை முடிய, சிகாகோவில எங்க டிபார்ட்மென்ட் சாஃப்ட்பால் டீமோட கணக்கு இவ்வளவுதான். "இந்த லட்சணத்துக்கு எழுத வேற செய்யணுமா"ன்னு என் ரூம்மேட் ஏற்கெனவே கேட்டுட்டா. அதனால நீங்க கேக்க வேண்டாம் :-)

சாஃப்ட்பால் தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. பேஸ்பாலோட தங்கச்சின்னு வெச்சுக்கங்க. அதே நாலு முனை, அதே ஓட்டம். ஆனா பந்தைக் கீழ்க்கையாலதான் போடணும். நாங்க ஆடறது மெதுவா போடற வகை. பந்து வளைஞ்சு மேல போய் இறங்கணும், எங்க லீக்ல ஆறடி உயரத்துக்குக் குறையக் கூடாது, பன்னிரண்டு அடியைத் தாண்டவும் கூடாது. ஃபீல்டிங்ல பத்து பேர், ஏழு இன்னிங்ஸ். கேக்க ரொம்பச் சாதுவா இருக்கில்ல?

சிகாகோக்காரங்க அதுல ஒரு வில்லங்கம் வெச்சிருக்காங்க. மத்த ஊர்ல பந்து சுத்தளவு 12 அங்குலம், கையில லெதர் கிளவுஸ். இங்க பந்து 16 அங்குலம், கிளவுஸ் கிடையாது. கிரிக்கெட் பந்தே சுத்தளவு 9 அங்குலம்தான். இது நார் உரிச்ச தேங்காய் சைஸ். அதை வெறுங்கையால பிடிக்கணும். ஆட்டம் ஆரம்பிக்கறப்போ பந்து கல்லு மாதிரி இருக்கும். அடி வாங்கி அடி வாங்கி அஞ்சாவது இன்னிங்ஸ்ல பழைய தலையணை மாதிரி ஆயிடும். இந்த ஊர்ல வயசான ஆளுங்க சில பேரோட விரலைப் பார்த்தாலே சின்ன வயசுல இதை ஆடினவங்கன்னு தெரிஞ்சுடும். இஞ்சிக் கிழங்கு மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் போகும்.

ஆட்டம் பிறந்ததே இந்த ஊர்லதான். 1887-ல, தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு, ஃபாரகட் போட் கிளப்புங்கற இடத்துல ஹார்வர்ட், யேல் காலேஜ்ல படிச்சவங்க கூடி உக்காந்து ஃபுட்பால் ஸ்கோருக்காகக் காத்திருந்திருக்காங்க. தந்தியில ஸ்கோர் வந்தது, யேல் 17, ஹார்வர்ட் 8. யேல் ஆள் ஒருத்தர் சந்தோஷத்துல பக்கத்துல கிடந்த குத்துச்சண்டை கிளவுஸைத் தூக்கி எறிய, ஹார்வர்ட் ஆள் கையில இருந்த கம்பால அதை அடிக்க, ஜார்ஜ் ஹான்காக்னு ஒருத்தர் அந்த கிளவுஸையே பந்து மாதிரி இறுக்கிக் கட்டி, தரையில சாக்பீஸால கோடு போட்டு ஆட்டத்தை ஆரம்பிச்சு வெச்சார். முதல்ல இது குளிர்காலத்துக்கு உள்ளரங்கத்துல ஆடற பேஸ்பால். சாஃப்ட்பால்ங்கற பேரே 1926-ல தான் வந்தது, வெச்சவர் வால்டர் ஹகான்சன்னு ஒரு ஒய்.எம்.சி.ஏ.காரர். 1930கள்ல வேலையில்லாத் திண்டாட்டம் வந்தப்போ இந்த ஊர்ல பெரிய பந்து ஆட்டம் பிரமாதமாப் பரவிச்சு. ஒரு பந்து, ஒரு கட்டை, அவ்வளவுதான், கிளவுஸ் வாங்கக் காசு தேவையில்லை.

இந்த வெறுங்கை விஷயத்துல இவங்க எவ்வளவு கறார்னா, மைக் ராய்கோன்னு பிரபலமான பத்திரிகைக்காரர் ஒருத்தர், 1977-ல பூங்கா நிர்வாகம் கிளவுஸ் போட்டு ஆடலாம்னு விட்டதுக்காகக் கோர்ட்டுக்கே போனார். ஜெயிக்கவும் செஞ்சார். நம்ம ஊர்ல எதெதுக்கோ பொதுநல வழக்குப் போடுறாங்களே, அந்த மாதிரி.

சரி, நான் எப்படி இதுல மாட்டினேன்?

எங்க பில்டிங்ல கீழ்த்தளத்துல மெஷின் ஷாப் இருக்கு. லேத், டிரில்லிங் மெஷின் எல்லாம் வெச்சு, நாங்க கேக்கற கருவிகளைக் கடைஞ்சு கொடுக்கறவர் ஒருத்தர். வயசு அறுபத்திமூணு. பிறந்து வளர்ந்தது சிகாகோ தெற்குப் பக்கம். இருபத்திரெண்டு வருஷமா டிபார்ட்மென்ட் டீமுக்கு அவர்தான் கேப்டன். (கேப்டன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவாருன்னு தெரியும். இவர் சிவப்பா இருந்தாலும் கண்ணு சிவக்காது.) என்னோட சோதனைக்கு ஒரு அலுமினியத் தாங்கி வேணும்னு போய் நின்னேன். ஒரு மணி நேரத்துல செஞ்சு கொடுத்துட்டு, "வியாழக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நீ என்ன பண்றே?"ன்னு கேட்டார். ஒண்ணும் பண்றதில்லை. அப்போ நான் வந்து எட்டு மாசம். ரூம்மேட்டையும் லேபையும் விட்டா, பேச்சுத் துணைக்கு இந்தியக் கடையில பில் போடற அக்காதான்.

எங்க லீக் கலப்பு லீக். பத்து பேர்ல மூணு பேராவது பெண்களா இருக்கணும். டீம்ல இருந்த ரெண்டு பேர் டிகிரி வாங்கிட்டுப் போயிட்டாங்க. "நீ பிடிக்க வேண்டாம், அடிக்க வேண்டாம், வந்து நின்னா போதும்"னார் கேப்டன். நல்ல மனசோடதான் சொன்னார். எனக்குச் சுருக்குன்னு இருந்தது. விருதுநகர் பக்கம் ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறு வருஷம் த்ரோபால் ஆடினவ நான். மாவட்ட அளவுல கோப்பை வாங்கியிருக்கோம். த்ரோபால்ல வாலிபால் சைஸ் பந்தை ரெண்டு கையாலயும் அப்படியே பிடிக்கணும், மூணு செகண்டுக்குள்ள தோளுக்கு மேல ஒரு கையால திருப்பி எறியணும். தட்டக் கூடாது, தவற விடக் கூடாது. எங்க பி.டி. டீச்சர் கத்துவாங்க: "பந்தை எதிர்த்து நிக்காதடி, அது வர்ற போக்குலயே கையைக் கூட்டிட்டுப் போ!" வெறுங்கையால பெரிய பந்து பிடிக்க இதைவிடப் பயிற்சி உலகத்துல உண்டா சொல்லுங்க.

முதல் ஆட்டத்துல 19-3னு தோத்தோம். ஆனா நான் மூணு கேட்ச் பிடிச்சேன். மூணாவது கேட்சுக்கு அப்புறம் கேப்டன் ஒண்ணும் சொல்லலை, என்னை ரைட் ஃபீல்டுல இருந்து இடம் மாத்தி செகண்ட் பேஸ்ல நிக்க வெச்சார். ரைட் ஃபீல்டுன்னா நம்ம தெரு கிரிக்கெட்ல சின்னப் பசங்களை "அங்க போய் நில்லு"ன்னு அனுப்புவோமே, அந்த இடம். அங்க இருந்து ஒரே சாயந்திரத்துல பதவி உயர்வு.

இந்த மாதிரி லீக்ல எதிர் டீமைவிடப் பெரிய எதிரி ஒண்ணு இருக்கு, ஆள் சேராமப் போறது. பத்து பேர் இல்லாட்டியும் எட்டு பேர் இருந்தா ஆடலாம், அதுலயும் மூணு பெண்கள் இருக்கணும். ஆறேகாலுக்கு ஆட்டம், பத்து நிமிஷம் பொறுப்பாங்க, ஆறு இருபத்தஞ்சுக்கு அம்பயர் கடிகாரத்தைப் பார்த்துட்டுக் கையை விரிச்சுடுவார். ஒரு சீசன்ல ரெண்டு தடவை இப்படி ஆனா முன்பணம் போச்சு, அடுத்த வருஷம் அந்த இடம் காத்திருக்கற வேற டீமுக்கு. படிக்கற பசங்க டீம்னா சொல்லவே வேண்டாம். ஒருத்தனுக்குத் தகுதித் தேர்வு, ஒருத்திக்குக் கருத்தரங்கம், ஒருத்தனுக்கு எலிக்குட்டி பிறந்திருக்கு (சோதனைக்கு வளர்க்கற எலிங்க). ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை ராத்திரியும் கேப்டன்கிட்ட இருந்து ஒரே செய்திதான் வரும்: "எத்தனை பேர்?"

மூணாவது ஆட்டத்துலயே அது நடந்தது. ஒரு கட்டுரை அனுப்பக் கடைசி நாள், ஒரே லேப்ல இருந்து நாலு பேர் வரலை. ஆறு பேர் நின்னோம். எதிர் டீம் எங்களைப் பாவமாப் பார்த்தது. அன்னிக்குத்தான் கேப்டன் சொன்னார், ஆகஸ்ட்ல ரிட்டயர் ஆகறாராம். இன்னொரு தடவை இப்படி ஆனா டீம் காலி, இருபத்திரெண்டு வருஷமும் அதோட போச்சு. அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கலை, பேட்டை எல்லாம் பைக்குள்ள அடுக்கிட்டே சொன்னார்.

நாலாவது, அஞ்சாவது ஆட்டத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை. தோத்தோம்.

ஜூன் 19 பத்திச் சொல்லணும். எங்க ஷார்ட்ஸ்டாப் ஒரு ஈரான் பையன், டீம்லயே நல்லா ஆடறவன் அவன்தான். ஒரு தடவை ஊருக்குப் போனா திரும்பி வர விசா கிடைக்குமாங்கறது அவங்களுக்கு எப்பவுமே சந்தேகம். அந்த ஜூன்ல பயணத் தடையும் வந்ததுல அந்தச் சந்தேகமும் தீர்ந்து போச்சு. 13-ஆம் தேதி அங்க போர் ஆரம்பிச்சது. அடுத்த வாரம் நடுவுல அங்க இன்டர்நெட் கிட்டத்தட்ட முழுசா நின்னுபோச்சு. 19-ஆம் தேதி வியாழக்கிழமை, ஆனா இங்க அரசு விடுமுறை, ஆட்டம் கிடையாது. சாயந்திரம் கேப்டன்கிட்ட இருந்து ஒரு செய்தி: "அவன் மைதானத்துல இருக்கான். நான் போறேன். முடிஞ்சா வாங்க."

நாங்க அஞ்சு பேர் போனோம். கேப்டனும் அவனும் பந்தை மாத்தி மாத்தி எறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நாங்களும் ஒரு வட்டமா நின்னுக்கிட்டோம். யாரும் எதுவும் கேக்கலை. அவனோட போன் பெஞ்சு மேல கிடந்தது, திரை மேல பார்த்தபடி. அவன் எறிஞ்ச ஒவ்வொரு பந்தும் உள்ளங்கையில சுளீர்னு விழுந்தது. யாரும் மெதுவாப் போடுன்னு சொல்லலை. ஜூன்ல இங்க எட்டரை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். இருட்டற வரைக்கும் எறிஞ்சோம். அப்புறம் கேப்டன் அவனைத் தன் வண்டியில கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வெச்சதா பின்னால தெரிஞ்சது. ஞாயித்துக்கிழமை குரூப்ல அவன் ரெண்டே வார்த்தை போட்டான்: "அம்மாகிட்ட பேசிட்டேன்."

அடுத்த ஆட்டத்துக்கு எங்க பக்கம் பதினோரு பேர். முதல் தடவையா ஒருத்தர் கூடுதல்! எதிர் டீம்ல அஞ்சே பேர். அம்பயர் 7-0ன்னு எழுதிட்டுக் கிளம்பிட்டார். வந்தது வந்தாச்சேன்னு ரெண்டு டீமையும் கலந்து எட்டுக்கு எட்டா இருட்டற வரைக்கும் ஆடினோம். சீசன்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆட்டம் அதுதான். கணக்குல அது வராது.

ஜூலை 10-தான் வயித்தைக் கலக்கின நாள். ஆறு இருபது, ஏழு பேர், அதுல பெண்கள் ரெண்டு. போஸ்ட்டாக் ஒருத்தரோட மனைவி, சீனாக்காரங்க, தள்ளுவண்டியில குழந்தையோட வேடிக்கை பார்க்க வந்திருந்தாங்க. கேப்டன் முன்யோசனையா அவங்க பேரை மே மாசமே பட்டியல்ல சேர்த்து வெச்சிருந்தாராம். அவங்க கணவரைப் பார்த்தாங்க, பந்தைப் பார்த்தாங்க, குழந்தையைப் பார்த்தாங்க. எதிர் டீம் பெஞ்சுல இருந்து பாட்டி வயசுல ஒரு அம்மா எழுந்து வந்து, "குழந்தையை என்கிட்ட குடும்மா"ன்னு கையை நீட்டினாங்க. ஆறு இருபத்து மூணு. இவங்களைக் கேச்சராப் போட்டோம். மெதுவா போடற சாஃப்ட்பால்ல கேச்சருக்குப் பெரிசா வேலை இல்லை, தாண்டிப் போன பந்தைப் பொறுக்கிக் கொடுத்தா போதும். தோத்தோம், 14-6. குழந்தை எதிர் டீம் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஏழு இன்னிங்ஸும் தூங்கிச்சு. எங்களை ஜெயிக்க விடாம அடிச்சவங்கதான் எங்க டீமைக் காப்பாத்தினவங்களும்.

அதுக்கு அடுத்த வாரம் என் நடுவிரல் போச்சு. பந்து நேரா விரல் நுனியில வந்து மோதிச்சு. உடையலை, ஆனா கத்திரிக்காய் கலர்ல வீங்கிடுச்சு. கேப்டன் பக்கத்து விரலோட சேர்த்து டேப் சுத்திட்டு, தன் கோணல் மோதிர விரலைக் காட்டி, "இப்ப நீ சிகாகோக்காரி"ன்னார். வீட்ல வீடியோ கால்ல ரெண்டு வாரம் இடது கையை மேஜைக்குக் கீழயே வெச்சிருந்தேன். அம்மா பார்த்திருந்தா சுளுக்கெடுக்க ஆள் அனுப்பியிருப்பாங்க.

ஜூலை 24. இதுதான் நாங்க நிஜமா ஜெயிச்சது. இதுக்கு முன்னாடி ஒரு விதி சொல்லணும். கலப்பு லீக்ல ஆணும் பெண்ணும் மாறி மாறித்தான் பேட்டிங். அடுத்து வர்றவ பெண்தானேன்னு முன்னாடி இருக்கற ஆணுக்கு வேணும்னே மோசமாப் பந்து போட்டு நடக்க விட்டுடுவாங்க. அதைத் தடுக்க, அப்படி நடந்தா ஆணுக்கு ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு பேஸ். அதோட ரெண்டு அவுட் ஆகியிருந்தா, அடுத்த பெண் விருப்பப்பட்டா அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். முதல்ல கேட்டப்போ இது சலுகைன்னு நினைச்சுக் கடுப்பானேன். நாலு ஆட்டம் ஆடினப்புறம்தான் புரிஞ்சது, அந்தப் பிட்சர்கள் பண்ற குசும்புக்குத் தண்டனை அது. ஆனா பெண்கள் அடிக்க வந்தா ஃபீல்டர் எல்லாம் திண்ணையில கதை பேச வர்ற மாதிரி கிட்ட வந்து நிப்பாங்க பாருங்க, அதுக்கு ஒரு தண்டனையும் எங்க லீக்ல இல்லை.

ஏழாவது இன்னிங்ஸ், நாங்க 9, அவங்க 10. ரெண்டு அவுட். கேப்டனை நடக்க விட்டாங்க, அவர் ரெண்டாவது பேஸ்ல போய் நின்னார். அடுத்து நான். எனக்கு அடுத்து ஈரான் பையன். அம்பயர் கேட்டார், அடிக்கறியா, நடக்கறியா? அடிச்சுக் காட்டணும்னு கை துறுதுறுத்தது. ஆனா விரல்ல டேப், பின்னாடி நிக்கறது டீம்ல சிறந்த ஆள். நடந்தேன். ராஜநடை.

அவன் முதல் பந்தையே இடது பக்கம் ரெண்டு பேருக்கு நடுவுல அடிச்சான். பந்து வேலி வரைக்கும் உருண்டது. நான் தலை தெறிக்க ஓடறேன், முன்னாடி அறுபத்திமூணு வயசு கேப்டன் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு ஓடறார். முன்னாடி ஓடறவரைப் பின்னால வர்றவங்க தாண்டினா, தாண்டினவங்க அவுட். அது மூணாவது அவுட், ஆட்டம் முடிஞ்சுடும். மூணாவது பேஸைத் திரும்பும்போது அவருக்கும் எனக்கும் நாலடிதான் இடைவெளி. ஓட முடியலை, நிக்கவும் முடியலை. திருவிழாக் கூட்டத்துல தேருக்குப் பின்னாடி மாட்டிக்கிட்ட மாதிரி குதிச்சுக் குதிச்சு வர்றேன். வாயில இங்கிலீஷே வரலை. "ஓடுங்க கேப்டன்! ஓடுங்க! ஓடுங்க!"ன்னு தமிழ்லயே கத்தறேன். அவர் வீட்டுத்தட்டை மிதிச்சார், பின்னாடியே நான். பந்து வந்து சேர்ந்தப்போ நாங்க ரெண்டு பேரும் தரையில கிடந்தோம். 11-10.

அவருக்குக் கடைசி ஆட்டம் ஜூலை 31-ன்னு கேக் எல்லாம் சொல்லி வெச்சிருந்தோம். அன்னிக்குக் கனடா காட்டுத்தீப் புகை வந்து ஊரையே மூடிடுச்சு, காத்து மோசம்னு ஆட்டத்தை ரத்து பண்ணிட்டாங்க. திரும்ப வைக்கவும் இல்லை. கேக்கை மெஷின் ஷாப்ல லேத்துக்குப் பக்கத்துல வெச்சு வெட்டினோம். பதிமூணு பேர் வந்தாங்க. ஆட்டத்துக்கு என்னிக்கும் அத்தனை பேர் வந்ததில்லை.

கேப்டன் இப்போ மிச்சிகன்ல அவர் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல இருக்கார், வண்டியில ரெண்டு மணி நேரம். பையும் பேட்டும், பழசாகிப் போன நாலு பந்தும் என் ரூம்ல இருக்கு. கூடவே இருபத்திரெண்டு வருஷத்துப் பேரும் போன் நம்பரும் எழுதின ஒரு நோட்டு, பாதிப் பேர் எந்த நாட்டுல இருக்காங்கன்னே தெரியாது. அடுத்த சீசனுக்குப் பேர் கொடுக்கற ஃபாரத்துல கேப்டன்ங்கற கட்டத்துல என் பேரை எழுதியாச்சு. ஈரான் பையன் வர்றான். சீனாக்கார அம்மா இந்தத் தடவை குழந்தையை யார்கிட்ட விடறதுன்னு இப்பவே யோசிக்கறாங்க. இதுவரைக்கும் ஒன்பது பேர், பெண்கள் ரெண்டு. ஆள் குறைஞ்சா காலையிலயே சொல்லு, நான் கிளம்பி வந்துடறேன்னு கேப்டன் சொல்லியிருக்கார். அவர் வந்தாலும் பெண்கள் கணக்குல ஒண்ணு உதைக்குது. ரூம்மேட்டைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். வந்து நின்னா போதும்னு மட்டும் சொல்லலை.